போத்திக்கிறது

எங்கள் வீட்டில் அதற்குத் தனிப்பெயர் கிடையாது. 'போத்திக்கிறது' என்போம். "அந்தப் போத்திக்கிறத எடு", "போத்திக்கிறத வெயில்ல போட்டியா?" அவ்வளவுதான். ஆந்திர எல்லை எங்களுக்குப் பக்கம். அங்கே 'பொந்த' என்பார்கள். கன்னடத்தில் கௌதி, மராத்தியில் கோதடி, வங்காளத்தில் காந்தா. இதெல்லாம் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்ட பெயர்கள். ஏலகிரி மலையடிவாரத்து எங்கள் சேரியில் மார்கழிக் குளிர் பாயைத் துளைத்துக்கொண்டு முதுகில் ஏறும். அந்தக் குளிரிலிருந்து எங்களைக் காப்பாற்றியது அந்தப் பெயரில்லாத பொருள்தான்.

சித்திரை வைகாசியில் காட்டு வேலை இருக்காது. அப்போதுதான் தைப்பார்கள். களத்தில் உட்கார முடியாது, களம் ஊர்க்காரர்களுடையது. எங்கள் தெருப் புங்கமரத்தடியைக் கூட்டிச் சாணம் தெளித்து, காய்ந்ததும் ஒரு முழுச் சேலையை விரிப்பார்கள். நாலு மூலைக்கு நாலு கல். அதன்மேல் கிழிந்த லுங்கி, வேட்டித் துண்டு, பாவாடை, பனியன் என்று எது கிடைக்குமோ அதையெல்லாம் பள்ளம் மேடு இல்லாமல் பரப்புவார்கள். அதன்மேல் இன்னொரு சேலை. பிறகு கோணி ஊசியை எடுத்துக்கொண்டு நாலு பொம்பளைகள் நாலு பக்கமும் உட்காருவார்கள். நூல் வாங்கக் காசேது? சேலைக் கரையிலிருந்து இழை இழையாக உருவி, தொடையில் வைத்துத் திரித்து நூலாக்குவார்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். கடைசி நாள் நாலு பேர் தலையும் நடுவில் முட்டிக்கொள்ளும். எது யார் தையல் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் அம்மாவின் தையல் அரிசி அரிசியாக இருக்கும். பெரியம்மாவுடையது நீளம், "ஏர் ஓட்டுறா பாரு" என்று கேலி செய்வார்கள். தைக்கும்போது பாட்டு வரும், பஞ்சாயத்து வரும், யார் வீட்டில் அடி விழுந்தது என்ற சேதி வரும், அழுகையும் வரும்.

மேலேயும் கீழேயும் போடுகிற சேலை எங்களுடையது அல்ல. எங்கள் பெண்களுக்கு இருந்ததே இரண்டு சேலை. அது இழை தெரியக் கிழிந்த பிறகும் உடம்பில்தான் கிடக்கும். போத்திக்கிறதுக்கு வேண்டிய சேலை ஆண்டை வீட்டிலிருந்து வரும். பிள்ளைப்பேற்றுக்குக் கழுவிக்கொட்டினால் ஒன்று. வருஷம் முழுக்கச் சாணி அள்ளினால் பொங்கலுக்கு ஒன்று. அதைக் கையில் தரமாட்டார்கள். திண்ணையிலிருந்து போடுவார்கள். அம்மா முந்தானையை விரித்துப் பிடிப்பாள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உவர்மண் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, கொதிக்கவைத்து, ரெண்டு நாள் வெயிலில் காயப்போடுவாள். ஏன் இவ்வளவு என்று கேட்டால், "அவங்க வூட்டு வாசன போனாத்தான் நம்ம வூட்டுத் துணி" என்பாள்.

துணி என்பது நமக்கு வெறும் துணியாக இருந்ததே இல்லை. மனுதர்மத்தின் பத்தாவது அத்தியாயம் சண்டாளனுக்கு உடையாக விதித்தது செத்தவனின் துணியை. அது பழங்கதை என்று சொல்லிவிட முடியாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் சாதி இந்துக்கள் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கமும் வெள்ளியும் அணியக்கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக்கூடாது. ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் பெண்களைத் தனியாகக் கூட்டிப் பேசியபோது, தீண்டப்படாதவள் என்று காட்டிக்கொடுக்கிற மாதிரி சேலை கட்டாதீர்கள் என்றார். அவர்கள் கட்டும் முறையை மாற்றினார்கள். எந்தத் துணியை, எவ்வளவு நீளத்துக்கு, யாருடைய மிச்சத்தை என்பதில்தான் சாதி உட்கார்ந்திருந்தது. அந்தக் கணக்கில் எங்கள் போத்திக்கிறதும் சேரும். எனக்கு அது 18 வயதில் உறைத்தது.

1986. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். நைனா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று, கடைசியில் நெஞ்சு வலி கண்டு போய்ச் சேர்ந்தார். விடுதியில் சேர அம்மா எனக்கு ஒரு தகரப்பெட்டியும், அந்தக் கோடையில் தைத்த பெரிய போத்திக்கிறதும் கொடுத்தனுப்பினாள். கனமான கனம். நடுவில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தடித்திருந்தது. "தனியா படுக்கிறவளுக்குக் கனமா இருந்தாத்தான் தூக்கம் வரும்" என்றாள்.

அறைக்கு எட்டுப் பேர். நான் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. மார்கழியில் ஒரு ராத்திரி, மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் ஆண்டை வீட்டுப் பெண் ஏதோ நோட்டு கேட்டு எங்கள் அறைக்கு வந்தாள். நான் போர்த்தி உட்கார்ந்திருந்தேன். அவள் என் போத்திக்கிறதைப் பார்த்தாள். குனிந்து கரையைத் தொட்டுப் பார்த்தாள். "ஐ! இது எங்கம்மா சேல. என் தம்பி பொறந்தப்போ கட்டுனது" என்றாள்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழைய பொருளைக் கண்ட சந்தோஷம் அது. அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அறையில் யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் விளக்கை அணைக்கிற நேரம், என் பாய்க்கும் அடுத்த பாய்க்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி கூடிப்போயிருந்தது.

மறுநாள் காலை போத்திக்கிறதைச் சுருட்டிக் குளியலறைக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்தேன். அம்மாவிடம் தொலைந்துபோச்சு என்று சொன்னேன். அது தொலையவில்லை. விடுதியைக் கூட்டித் துடைக்கிற ஆயா அதை எடுத்து, கிழித்து, தரை துடைக்கிற துணியாக்கிக்கொண்டாள். மிச்ச ரெண்டு வருஷமும் தாழ்வாரத்தில் என் காலடியில் அது நகர்ந்துகொண்டிருந்தது. சிவப்புக் கரை, பச்சைத் துண்டு, ஒரு காக்கித் துண்டு. ஈரத் துணியில் அம்மாவின் அரிசி அரிசியான தையல் தெரியும். நான் தாண்டித் தாண்டிப் போவேன்.

பிறகு 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு. அதையொட்டி எழுந்த அலையில் நானும் எழுத வந்தேன். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. நம் பேச்சு நம் எழுத்தாக ஆகும் என்ற தைரியம் பிறந்தது. தலித் அழகியல் என்று ஊர் ஊராகக் கருத்தரங்கு. பறையைப் பற்றிப் பேசினோம், கூத்தைப் பற்றிப் பேசினோம், ஒப்பாரியைப் பற்றிப் பேசினோம். நானே மேடையேறிப் பேசியிருக்கிறேன். ஆனால் போத்திக்கிறதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் பொய். நினைவுக்கு வந்ததும் தள்ளிவிட்டேன். பறை அடிக்கிறவர் கூட்டத்துக்கு நடுவில் நின்று அடித்தார். புங்கமரத்தடியில் குந்திக்கொண்டு தைத்த பொம்பளைகளை நாங்களும் பார்க்கவில்லை.

என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். 2007 வாக்கில் ஒரு தோழி எனக்கு ஒரு படப்புத்தகம் அனுப்பினாள். அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற கிராமம். அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 1816இல் ஜோசப் ஜீ என்ற வெள்ளைக்காரன் அடிமைகளோடு வந்து பருத்தித் தோட்டம் போட்ட இடம். பிறகு பெட்வே என்ற ஆண்டை வாங்கினான். இன்றும் அந்த ஊர்க்காரர்களில் பலருக்குப் பெட்வே என்றுதான் பின்பெயர். ஆண்டையின் பெயர் அடிமையின் பரம்பரைக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்கள் கிழிந்த வேலைச் சட்டை, கால்சட்டை, உரச் சாக்கு, மாவுச் சாக்கு எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வைகள்தான் புத்தகம் முழுக்க. கால்சட்டையின் முழங்கால் தேய்ந்து வெளுத்த வட்டம் கூட அப்படியே தெரிகிறது. முதல் பக்கத்தைப் புரட்டியதும் எனக்குத் தாழ்வாரம் ஞாபகம் வந்தது.

அந்த ஊரின் கதையைப் படிக்கப் படிக்க நம் கதைபோலவே இருந்தது. 1932இல் கடன் கொடுத்த வியாபாரி செத்ததும், அவன் குடும்பத்தார் ஆள் அனுப்பி ஏறக்குறைய 60 குடும்பங்களின் மாடு, கலப்பை, தானியம், கோழி வரை வாரிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைப் பட்டினியோடு கழித்தார்கள். 1962இல் கறுப்பர்கள் வாக்காளராகப் பதிவு செய்யக் கிளம்பியபோது, ஆற்றைக் கடக்கும் படகை நிறுத்திவிட்டார்கள். அக்கரையில்தான் மாவட்டத் தலைநகர். படகில் போனால் சில நிமிஷம், சுற்றிப்போனால் ஒரு மணி நேரம். திரும்பப் படகு விட்டது 2006இல். 44 வருஷம். நம் ஊர்களில் பொதுப்பாதையில் முள் வெட்டிப் போடுகிறவர்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து 'ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். ஓட்டுரிமைப் போராட்டத்தில் இறங்கியதற்காக வேலையையும் குடியிருப்பையும் பறிகொடுத்தவர்கள் இருந்த இடம் அது. போர்வை தைத்து நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். 1972இல் சியர்ஸ் கம்பெனிக்கு கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. கம்பெனிக்கு ஒரே மாதிரி, ஒரே அளவில் தைத்தார்கள். மிஞ்சிய வெட்டுத்துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தங்கள் இஷ்டத்துக்குத் தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் அந்தப் போர்வைகளைச் சுவரில் மாட்டினார்கள். அங்கிருந்து நியூயார்க் போனது. பத்திரிகைகள் இவை நவீன ஓவியங்களுக்கு நிகர் என்று எழுதின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை 10 தபால்தலை போட்டது. 2007இல் அதே ஊர்ப் பெண்கள் சிலர், போர்வைகளை வாங்கிக் கண்காட்சிக்கும் விற்பனைக்கும் கொண்டுபோனவர்கள் தங்களுக்குச் சேரவேண்டியதைத் தரவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். 2008இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. உரிமைக்கணக்கு கேட்கும் சண்டை அதோடு ஓயவில்லை. 2021இல் சில பெண்கள் தங்கள் சொந்தப் பெயரில் எட்ஸி என்ற இணையச் சந்தையில் கடை போட்டார்கள். போர்வையை யார் தைத்தது, என்ன விலை என்பதை அவர்களே எழுதுகிறார்கள். இதை நான் பெரிய மாற்றமாகப் பார்க்கிறேன்.

ஏனென்றால் இதற்கு முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. ஹாரியட் பவர்ஸ். 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த அவருடைய போர்வை 1886இல் ஒரு பருத்திச் சந்தையில் காட்சிக்கு இருந்தது. பார்த்த வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார். ஹாரியட் கொடுக்கவில்லை. 1891இல் கஷ்டம் நெருக்க, அவரே 10 டாலருக்குக் கொடுக்க முன்வந்தார். கிடைத்தது 5 டாலர். கொடுத்த பிறகும் பல தடவை அந்த வீட்டுக்குப் போய்த் தன் போர்வையைப் பார்த்துவிட்டு வந்தாராம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று ஹாரியட் சொல்ல, வாங்கியவர் எழுதிவைத்தார். அதனால்தான் இன்று ஸ்மித்சோனியனில் அந்தப் போர்வைக்குப் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஆண்டைகளின் கட்டிலுக்குப் போர்வை தைத்த எத்தனையோ அடிமைப் பெண்களுக்கு அதுவும் இல்லை.

நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள் சித்திகள். போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவந்தவர்களின் வழிவந்தவர்கள். தப்பி ஓடிக் காட்டில் ஒளிந்தவர்களின் பிள்ளைகள் இன்று கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழ்கிறார்கள். 2003இல்தான் அங்கே பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். சித்திப் பெண்களும் பழந்துணியில் போர்வை தைக்கிறார்கள். கவந்தி என்பது அதன் பெயர். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வருகிற தையல், எங்கள் புங்கமரத்தடித் தையல் மாதிரியே. மூலைக்கு மூலை சின்ன முக்கோணத் துணியைப் 'பூ' என்று வைத்து முடிக்கிறார்கள். இன்று அமெரிக்காவில், ஐரோப்பாவில் கவந்தி முறை என்று சொல்லிக் கைவேலைப் பிரியர்கள் வகுப்பு நடத்துகிறார்கள், காசு கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள், படம் போடுகிறார்கள். கற்றுக்கொள்வதில் தப்பில்லை. அந்தப் படங்களில் பலவற்றில் சித்தி என்ற சொல்லைத் தேடவேண்டியிருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

இந்த உலகம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. என் அண்ணன் மகள் துணி வடிவமைப்பு படித்தவள். போன வருஷம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் மிஞ்சியிருந்த ஒரே போத்திக்கிறதைப் போனில் படம் எடுத்துப் போட்டாள். அதன் ரெண்டு பக்கமும் பொங்கலுக்கு அரசாங்கம் கொடுத்த இலவசச் சேலை. 1983இல் தொடங்கிய அந்தத் திட்டத்தைப் பற்றிப் படித்தவர்கள் கேலி பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் அம்மாவுக்கு அது ஆண்டை வீட்டுத் திண்ணைக்குக் கீழே முந்தானை விரிக்காமல் கிடைத்த முதல் சேலை. அந்தப் படத்தை நிறையப் பேர் விரும்பினார்கள். ஒரு வாரத்தில் சென்னையிலிருந்து ஒரு கடைக்காரம்மா போன் செய்தார். 20 போர்வை வேண்டும். ஒன்றுக்கு 700 ரூபாய் தருவதாகச் சொன்னார். இலவசச் சேலை வேண்டாம், பழைய காலத்துச் சேலையாக இருக்கவேண்டும். ஒட்டுவது அவர்கள் கடைப் பெயர். தைத்தவர் பெயர் போடும் வழக்கம் இல்லை. அதே மாதிரிப் போர்வை அந்தக் கடையில் என்ன விலை என்று என் மருமகள் போனிலேயே காட்டினாள். 8,500 ரூபாய்.

அம்மாவிடம் கேட்டோம். அவளுக்கு 80 வயது. கண் மங்கல். ஆனால் காது கூர்மை.

"எதுக்குப் பழைய சேலதான் வேணுமாம்?"

"அதுதான் அழகாம் ஆயா. நெறம் மங்கி, நைஞ்சி போயி இருக்கணுமாம்."

அம்மா சிரித்தாள். "நைஞ்சத கட்டிக்கினு திரிஞ்சப்ப ஒருத்தரும் அழகுன்னு சொல்லலியே." அப்புறம் கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். "நானு ஆசப்பட்டா தச்சேன்? குளிரு தைக்கச் சொல்லிச்சி, தச்சேன். ஒரு ஊசி ஏறலன்னா கட்டவெரல்ல ரத்தம் வரும். இப்ப கம்பளி வாங்க நம்மகிட்ட காசு கீது. எனக்கு இன்னாத்துக்கு அது?"

எனக்கு லொரெட்டா பெட்வே ஞாபகம் வந்தார். ஜீஸ் பெண்டின் பெயர்பெற்ற கலைஞர்களில் ஒருவர். தனக்குத் தைக்கப் பிடிக்காது, பிள்ளைகள் குளிரில் கிடந்ததால் தைத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் கலைகளைக் காப்பாற்றவேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறோமே, நானும் பேசுகிறேனே, தோழர்களே, அதில் இந்தக் குரலுக்கு இடம் உண்டா? தைக்கமாட்டேன் என்று சொல்லவும் எங்கள் அம்மாவுக்கு உரிமை வேண்டும். பறை அடிக்கமாட்டேன், பிணம் தூக்கமாட்டேன் என்று சொல்லி அடிபட்டவர்களின் பிள்ளைகள் நாம். தைக்க ஆசைப்படுகிற என் மருமகளுக்கும் அதே அளவு உரிமை உண்டு. அவள் தைக்கட்டும். தன் விலையைத் தானே சொல்லட்டும், தன் பெயரைப் போடட்டும். ரெண்டும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கு அந்தப் படப்புத்தகத்தைக் காட்டினேன். அவள் தடவிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் நின்றோம். மிசூரி பெட்வே 1942இல் தைத்தது. நீலமும் சாம்பலுமாக, கறை படிந்த வேலைத்துணிப் பட்டைகள். இன்று அது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அந்த அம்மாவின் புருஷன் செத்துப்போனார். அவருடைய வேலைத்துணிகளையெல்லாம் எடுத்து, அவர் ஞாபகமாகப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்று, பெரிய மகளைக் கூட வைத்துக்கொண்டு தைத்தார். மகள் அர்லோன்சியா பிற்பாடு சொன்ன கதை இது. செத்தவன் துணியை உடுத்து என்று மனு நமக்கு இழிவாக விதித்ததை நான் நினைத்துக்கொண்டேன். அதே செத்தவன் துணியை ஒரு கறுப்புப் பெண் தன் இஷ்டத்தால், ஆசையால் எடுத்துப் போர்த்திக்கொண்டாள். யார் சொல்லி, யாருக்காக என்பதில் எவ்வளவு தூரம் இருக்கிறது!

நான் கதையைச் சொல்லி முடித்தேன். அம்மா வெகு நேரம் பேசவில்லை.

"நம்மள்ல செத்தவங்க துணிய வச்சிக்கக் கூடாதுன்னு ஒங்க நைனாவோடது எல்லாத்தயும் பொணத்தோட போட்டுட்டாங்க" என்றாள். "ஒரு காக்கிச் சட்டய மட்டும் நான் யாருக்கும் தெரியாம எடுத்து வச்சிருந்தேன். ஷாப்புக்குப் போட்டுக்கினு போறது. ஒனக்குக் காலேஜிக்குக் குடுத்தனே ஒரு போத்திக்கிறது, அதுக்கு நடுவுல வச்சித் தச்சிட்டேன். தனியா படுக்கப் போறியே, ஒங்க நைனா கூட இருக்கட்டும்னு. நீ அத்தத் தொலச்சிட்ட."

அந்தக் காக்கித் துண்டை நான் ரெண்டு வருஷம் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். தொலையவில்லை, நான்தான் போட்டேன். அந்தப் பெண் வந்தது, கரையைத் தொட்டது, பாய் நகர்ந்தது, ஆயா கிழித்தது எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தத் தொடச்சவ நம்ம பொம்பளதான? அவ பேரு இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. விடுதியில் எல்லோரும் ஆயா என்று கூப்பிட்டோம், நானும் கூப்பிட்டேன். மூன்று வருஷம் அவள் கூட்டிய தரையில் படுத்தேன். அவள் கழுவிய கழிப்பறைக்குப் போனேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை. கடைக்காரம்மா தைத்தவள் பெயரைப் போடமாட்டேன் என்றபோது எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. அந்தக் கடைக்காரம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அந்தத் தாழ்வாரம் ஒன்றுதான் இருந்தது.

அடுத்த மாதம் அந்த விடுதிக்குப் போனேன். பழைய கட்டடம் இல்லை. துப்புரவு வேலை ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது. அந்தக் காலத்து ஆள் கணக்கு எதுவும் இல்லை என்றார்கள். ஓய்வுபெற்ற காவல்காரர் ஒருவர் வீட்டைத் தேடிப்போய்க் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆயான்னுதாம்மா எல்லாரும் கூப்புடுவாங்க. ஜோலார்பேட்டை பக்கம்னு ஞாபகம்" என்றார். அங்கே ரெண்டு தெருவில் விசாரித்திருக்கிறேன். இன்னும் விசாரிக்கவேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நீ தைத்தது, உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "நா மட்டுமா தச்சேன்? நாலு பேரு தச்சோம். அவ வேற கிழிச்சித் தொடச்சிருக்கா" என்றாள். "மொதல்ல அவ பேரக் கேட்டுக்கினு வா. அப்புறம் எல்லாப் பேரயும் சேத்துப் போடு."

அதனால்தான் இதில் எங்கள் அம்மாவின் பெயர் இல்லை.